நிஷாதத்தில் நின்ற பக்கம்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நான் பயமில்லாமல் வயலின் வாசிக்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. நிலத்துக்குக் கீழே, உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் லோண்டரி அறை. இயந்திரங்கள் என்னைவிடப் பெரிய சத்தம் போட்டதால் அங்கே ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை.

வீட்டில் வாசித்துப் பார்க்காமல் இல்லை. முதலில் இருந்த அப்பார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். அடுத்ததில் பக்கத்து வீட்டுப் பெண் சுவரில் தட்டுவாள். டோர்செட் பார்க்குக்கு வந்த அன்று கணவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"இஞ்சேரும், இந்த முறை கொஞ்சம் அடக்கி வாசியும். எனக்கு இனிப் பெட்டி தூக்க ஏலாது."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் நான் வயலின் ஆசிரியை. ரொறன்ரோவில் விடியமுன் பஸ் ஏறிப்போய், ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி திருகினேன். மதியம் தாண்டி வேலை முடியும். மகள் பள்ளிக்கூடத்தால் வரும்வரைக்கும் கொஞ்ச நேரம் எனக்கென்று கிடைக்கும். அந்த நேரத்தில் வயலினோடு கீழே இறங்கி, படுக்கை விரிப்பை மடித்துத் தரையில் போட்டு, இயந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஒரு நாள் வோபர்ன், ஒரு நாள் மோர்னிங்சைட், இன்னொரு நாள் எங்கள் கட்டடத்து பார்ட்டி அறை. பஸ்ஸில் வயலின் பெட்டி எனக்கு முன்னே ஏறும், நான் பின்னே ஏறுவேன்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டில் கதிரைகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். வேலைத்தலத்தில் மூடி திருகும் விரல்கள் தம்பாட்டில் வர்ணம் வாசித்தன. ஆனால் வயலினைக் கையில் எடுத்தால், சின்ன வயதிலிருந்து வாசித்துவந்த கீர்த்தனைகளைக் கைதான் வாசிக்கும், நான் அடுத்த பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பேன். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு மாசி மாதத்துப் பிற்பகலில், இடுப்பில் உடுப்புக் கூடையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் அறைக்குள் வந்தாள். இயந்திரத்தில் உடுப்பைப் போட்ட பிறகும் போகாமல் நின்றாள். நான் நிறுத்தியதும் கேட்டாள்.

"ஏன் வயலினைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய்?"

நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, அதன் உடலை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தேன். எங்கள் முறை அது.

"நான் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன். நீங்கள்தான் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள்," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு அந்த இயந்திரங்களுக்கு மேலாகவும் கேட்டது.

எங்கள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான். அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளிலேயே என் மனதுக்குள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நீ என்று பேசுவதாகத்தான் கேட்டது. அவள் அவுஸ்திரேலியக்காரி. என்னைவிடச் சில வயது மூத்தவள். ஒரு கனடாக்காரரைக் கட்டி வந்து, பிறகு அவரைப் பிரிந்து, எங்களுக்கு நாலைந்து மாடி மேலே தனியாக இருந்தாள். பிளாசா ஒன்றில் வாத்தியக்கடையின் பின்னறையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய வீட்டில் பியானோ இல்லை, ஒரு மின்சாரக் கீபோர்ட்தான். பியானோவை லிஃப்டுக்குள் ஏற்ற கட்டடக்காரர் விடவில்லையாம்.

இரண்டாம் முறை சந்தித்தபோதே அவள் ஓர் இசைக்கார அம்மாவைப்பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். ஏதோ சொந்தத்தில் ஒரு பிடிவாதக்கார மாமியைப்பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள். பிறகுதான் எனக்கு விளங்கியது, அந்த அம்மா செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று. வெள்ளைக்காரர் அவுஸ்திரேலியாவில் குடியேறிய ஆரம்ப காலத்தில் அங்கே இசை எழுதியவர்களில் ஒருத்தி. வயிற்றுப்பாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவள். என் சிநேகிதி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நூலகங்களில் தேடி அவளுடைய பாட்டுகளின் பிரதிகளைச் சேர்த்திருந்தாள். அவளைப்பற்றி ஒரு புத்தகம் எழுதவேண்டும் என்பது இவளுடைய எண்ணம். பத்து வருடமாக அந்த எண்ணத்தோடேயே வீடு மாறிக்கொண்டிருந்தாள்.

உடுப்பு காயும் நேரங்களில் அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது.

அந்த அம்மா இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவள். தகப்பன் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். தகப்பன் இறந்தபின் அவுஸ்திரேலியாவிலிருந்த தமையனிடம் போவதற்காகக் கப்பலேறினாள். மாதக்கணக்கில் கடலில் கிடந்து கரையிறங்கினால், தமையன் தங்கம் தோண்டுகிற இடத்துக்குப் போய்விட்டான். எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் அழுதாளா என்று தெரியவில்லை. வந்த கிழமையே பத்திரிகையில் விளம்பரம் போட்டாள்: பியானோ, பாட்டு, வீட்டுக்கு வந்து கற்பிக்கப்படும்.

"நான் வந்த கிழமை நானும் மளிகைக்கடைக் கண்ணாடியில ஒரு துண்டு ஒட்டினன்," என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னேன்.

"அப்ப உம்மட அண்ணையும் தங்கம் கிண்டப் போட்டாரோ?" என்றார் அவர். என் தமையன் ஜேர்மனியில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரரின் பெண்பிள்ளைகளுக்கு அந்த அம்மா பியானோ கற்பித்தாள். குதிரை வண்டியில் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போவாள். மாட்டுவண்டியில் வந்த பியானோக்கள் வெயிலில் சுருதி கெட்டுக் கிடக்கும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பாடம். நடனத்துக்கான வால்ட்ஸ்களை எழுதி அச்சிட்டாள். பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டதால், பத்திரிகைக்காரர் ஒருவர் "இந்தக் கனவானுக்கு நல்ல எதிர்காலம் உண்டு" என்று எழுதிவிட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டினாள். அவர் காய்ச்சலில் போய்விட்டார். பிறகு ஓர் ஊரின் மண்டபத் திறப்புக்காகப் பெரிய பாட்டு ஒன்று, கூட்டமாகப் பாடுவதற்கு, மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதினாள். பாடத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அது அதன்பிறகு பாடப்படவேயில்லை, பிரதியும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஓர் ஊரில் இரண்டு மூன்று வருடத்துக்குமேல் இருக்கவில்லை.

"ஏன் அப்படி ஊர் மாறினாள் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை," என்றாள் சிநேகிதி. "துக்கமா, காதலா? ஒரு கடிதமும் கிடைக்கவில்லை."

"பிள்ளைகள் தீர்ந்துபோயிருப்பார்கள்."

"என்ன?"

"சின்ன ஊர். சங்கீதம் பழகுகிற பிள்ளைகள் கொஞ்சப் பேர். ஒரு பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், மற்றவர்கள் கலியாணம் கட்டிப் போவார்கள். பிறகு ரீச்சர் என்ன செய்வது?"

அவள் சம்மதிக்கவில்லை. ஒரு மனிதரின் அலைச்சலுக்கு அவ்வளவு சாதாரணமான காரணம் இருக்க முடியாது என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் சொந்த அலைச்சலுக்கே நான் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

வசந்தம் வந்தபோது நாங்கள் அவளுடைய வீட்டில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியிருந்தோம். எனக்கு அவர்களுடைய கோட்டு நொட்டேஷன் வாசிக்க வராது. அவள் கீபோர்டில் மெட்டை வாசிப்பாள், நான் ஸரிகம எழுதிக்கொள்வேன். வால்ட்ஸ் பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்களில் ஓடியது, தாளம் மூன்று எண்ணிக்கைத் திஸ்ரம். அவள் ஸ்டூலில் இருப்பாள், நான் கம்பளத்தில் இருப்பேன். என் விரல்கள் சுரத்துக்குச் சுரம் வழுக்கின.

"வழுக்காதே," என்பாள். "அவள் அப்படி எழுதவில்லை."

"வழுக்காவிட்டால் செத்த சுரமாக இருக்கிறது."

"செத்தே இருக்கட்டும். அவளுடையதாக இருக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் அந்த வால்ட்ஸ்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆற்றின் பெயர், மலையின் பெயர் என்று தலைப்பெல்லாம் அவுஸ்திரேலியா. உள்ளே இருந்த இசை முழுவதும் அவள் விட்டுவந்த ஊரினது. அதைச் சொன்னதும் சிநேகிதி கீபோர்டை விட்டுக் கையை எடுத்தாள்.

"நீ மட்டும் இங்கே எதை வாசிக்கிறாய்?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் படிகளில் இறங்கித்தான் வீட்டுக்குப் போனேன். லிஃப்டுக்காக நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் ஒரு துண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவளுடைய கடைசி ஊரில் எழுதியது, பியானோவும் வயலினும் சேர்ந்து வாசிப்பதற்கு. கீரவாணி ராகத்துக்குக் கிட்ட நின்றது. மெட்டு ஒரு சுரத்திலும் ஆறாமல், ஏறுவதுபோலப் போய் இறங்கி, இறங்குவதுபோலப் போய் ஏறியது. ஒரு வீட்டுக்குள் அறை அறையாக நடப்பவரின் காலடிபோல இருந்தது. அதன் கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை. கிடைத்த பக்கம் மேல் நிஷாதத்தோடு முடிந்தது. அந்த நிஷாதத்துக்கு அடுத்த வீடு ஸட்ஜம். எங்கள் காதுக்கு, வாசற்படலையைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் நிற்கிறமாதிரி.

வோபர்னில் முதியோர் இல்லம் ஒன்றில் சிநேகிதி ஞாயிற்றுக்கிழமைகளில் சிலவேளை வாசிப்பாள். அங்கே அந்த அம்மாவின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்றாள். கடைசியாக அந்த முடியாத துண்டு.

"பக்கம் முடிகிற இடத்தில் நாங்கள் கையை எடுத்துவிடுவோம்," என்றாள்.

"நிஷாதத்திலா?"

"நிஷாதத்தில்தான். அவள் எழுதாததை அவள் பெயரில் வாசிக்க முடியாது. மிச்சம் தொலைந்துவிட்டது என்று சனங்களுக்கு விளங்கட்டும்."

"கேட்கிறவர்களை அங்கே விட்டுவிட்டு நாங்கள் எழும்பிப் போவதா?"

"ஓம்," என்றாள். அந்தச் சொல்லை என்னிடம் பழகியிருந்தாள். இரண்டு கிழமை அதைப்பற்றியே சண்டை பிடித்தோம். கடைசியில் நான் சரி என்றேன்.

இதற்கிடையில் செய்தி பார்ட்டி அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் வகுப்பை அங்கே ஒழுங்குசெய்து தந்தவர் ஒரு அன்ரி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் பழகினார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்று கேட்டார்.

"ரீச்சர், வெள்ளைக்காரற்ற பாட்டு வாசிக்கப் போறியளாம். உண்மையே?"

"ஓம் அன்ரி. ஒரு பழைய அவுஸ்திரேலிய மனிசியின்ர பாட்டு."

"அவுஸ்திரேலியாவோ? எங்களிட்ட இல்லாத பாட்டே? உங்களுக்கு உந்த வேலை என்னத்துக்கு எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லாமல், "கேக்க வாங்கோவன்," என்றேன்.

வந்தார். நிகழ்ச்சியன்று முதியோர் இல்லத்து மண்டபத்தில் சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால், காஞ்சிபுரச் சேலையோடு அவர் இருந்தார். பக்கத்தில் என் கணவரும் மகளும். தரையில் விரிப்பு விரித்து நான் உட்கார்ந்ததும் முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழும்பி, எனக்கு ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லி அங்கிருந்த தாதியை அதட்டினார். சிநேகிதி அவரைச் சமாதானப்படுத்தினாள். பிறகு அந்த அம்மாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். தகரக் கூரை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வால்ட்ஸ்கள் நன்றாகப் போயின. சில கிழவிகளின் கைகள் தாளம் போட்டன. முன்வரிசைக் கிழவர் நித்திரையாகிவிட்டார். கடைசித் துண்டு வந்தது. அது இந்த அறையில் வேறு மாதிரிக் கேட்டது. அல்லது நான் முதன்முறையாகப் பஸ்ஸை நினைக்காமல் வாசித்தேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, நிஷாதத்துக்கு வந்தோம். சிநேகிதி சொன்னபடியே இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

என் வில் நிற்கவில்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நிஷாதத்தை அசைத்தேன், அது என்னைக் கீழே தைவதத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. அங்கிருந்து எங்கே போனேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. ராகம் கீரவாணிதான், ஆனால் எனக்கு யாரும் சொல்லித்தந்த பிடிகள் அல்ல. மூன்று எண்ணிக்கைத் தாளம் உள்ளே நடந்துகொண்டே இருந்தது. நிஷாதத்துக்கு மறுபடி மறுபடி வந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு வாசலால் வந்தேன். கடைசியில் ஸட்ஜத்தில் இறங்கியபோது என் கழுத்து வியர்த்திருந்தது. சனம் கைதட்டியது. அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் சிநேகிதி தன் காருக்குள் கீபோர்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் உதவப் போனேன். கையை விலக்கினாள்.

"நீ சரி என்று சொன்னாய்."

"சொன்னேன்."

"அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அதை அவள் எழுதினாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவளிடம் இருந்ததே கொஞ்சம். அதையும் நீ..."

முடிக்காமல் கார்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் எங்கள் காரில் திரும்பினோம். கணவர் சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்:

"கடைசியில வாசிச்சது நல்லா இருந்தது. உது உம்மடைதானே?"

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா நீர் வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருந்தது."

சில கிழமைகள் சிநேகிதியைக் காணவில்லை. வேண்டுமென்றே வேறு நேரத்தில் உடுப்புத் தோய்த்தாள்போல. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. செய்தது பிழை என்று எனக்குப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. அவள் கோபித்ததும் பிழையில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு ஒரு நாள் அவளே வந்து கதவைத் தட்டினாள். கையில் இசை எழுதுகிற வெறும் கோட்டுத் தாள்.

"அன்றைக்கு வாசித்ததை மறுபடி வாசி. எழுதிக்கொள்கிறேன். அவளுடையதோடு சேர்க்கமாட்டேன். வேறாக வைப்பேன்."

வாசித்தேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னாள், "இது அன்றைக்கு வாசித்தது இல்லை." மறுபடி வாசித்தேன். அது இன்னொன்றாக வந்தது. எங்கள் முறையில் அப்படித்தான், ஒரே பாதையில் இரண்டு தரம் போக மாட்டோம் என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்கு அது நான் சாட்டுச் சொல்வதுபோலப் பட்டது. கடைசியில் ஏதோ ஒன்றை எழுதி முடித்தாள். முடித்தபின் அதைக் கீபோர்டில் வாசித்துக் காட்டினாள். வழுக்கல் எதுவும் இல்லாமல், படி படியாக. எனக்கு அது யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. அதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. யாரோ ஒருவர் அப்படி ஒன்றை இயற்றலாமென்றால் நானும் இயற்றலாம்.

அந்தக் கோடையில் பிள்ளைகளுக்கென்று சின்னச் சின்ன உருப்படிகள் செய்யத் தொடங்கினேன். வார்த்தையில்லாத மெட்டுகள்தான். பஸ் நிற்பதும் எடுப்பதுமாக ஒன்று, தோய்க்கும் இயந்திரத்தின் சுற்றலில் ஒன்று. பிள்ளைகள் சந்தோஷமாக வாசித்தார்கள். ஒரு பின்னேரம் அன்ரி வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"உது ஆர் இயற்றினது, ரீச்சர்?"

"நான்தான் அன்ரி."

"நீங்களோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சங்கீதச் சோதினைக்கு வருமே உது?"

"வராது."

அடுத்த வகுப்புத் தவணைக்கு அவருடைய மூத்த பிள்ளை வரவில்லை. இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். மோர்னிங்சைட்டில் வேறொரு ஆசிரியை, சோதனைக்குரிய பாடத்தை ஒழுங்காக எடுப்பவர், வகுப்புத் தொடங்கியிருந்தார். அன்ரியின் இளைய பிள்ளை மட்டும் அழுது அடம்பிடித்து என்னிடம் நின்றது. அன்ரி அதை என்னிடம் குற்றச்சாட்டாகத்தான் சொன்னார்.

சிநேகிதியின் தகப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவுஸ்திரேலியா போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். கீபோர்டை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறந்தநாளுக்கும் புது வருடத்துக்கும் தொலைபேசியில் பேசுவோம். அங்கே விடிந்திருக்கும்போது இங்கே முதல் நாள் பின்னேரம்.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரத்தில் நாங்கள் மோர்னிங்சைட்டில் ஒரு வீடு வாங்கினோம். நிலத்தடியில் பெரிய அறை. எவ்வளவு பலமாக வாசித்தாலும் தட்டுவதற்கு ஆளில்லை. முதல் கிழமை முழுவதும் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அமைதி அதிகமாக இருந்தது. வயலினைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தேன், பிறகு மாடிப்படிக்கு, பிறகு கராஜுக்கு. கணவர் பார்த்துவிட்டு, "இனி என்ன, ரோட்டில இருந்து வாசிக்கப் போறீரோ?" என்றார்.

அந்த வருடம் சிநேகிதியோடு பேசியபோது அந்த அம்மாவின் புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"விட்டுவிட்டேன்," என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். "அவளுடைய கடைசி ஊருக்குப் போனேன். ஒரு நாள் முழுவதும் சுற்றினேன். அங்கே நின்றபோது எனக்கு அவளிடம் தேட ஒன்றும் மிச்சமில்லை. இப்போது தோட்டம் செய்கிறேன். தக்காளி. இரவில் நன்றாக நித்திரை வருகிறது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமாக அந்த அம்மாவை எனக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு, இவள் மட்டும் தக்காளிக்குப் போய்விட்டாள்.

"அந்த ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "வீடுகள் தூரத் தூரமா? வகுப்புக்கு எவ்வளவு தூரம் போயிருப்பாள்? பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?"

மறுமுனையில் அவள் சிரித்தாள். "அதெல்லாம் நான் பார்க்கவில்லை," என்றாள். "நீ வந்து பார்."

பார்க்கலாம் என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். அன்றைக்கு வோபர்னில் ஒரு புதுப் பிள்ளைக்கு முதல் வகுப்பு. தாய் தொலைபேசியில் சொன்ன முகவரி எனக்குப் பழக்கமில்லாத தெரு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இன்னும் நேரமிருந்தும் புறப்பட்டுவிட்டேன்.